முப்பதாவது நாள்: வீட்டுக்காரர் டெபாசிட்டைப் பத்திரப்படுத்தாவிட்டால்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு படுக்கையறை வீடு. மாத வாடகை 1,300 பவுண்டு. சாவி கைக்கு வந்த அன்றே 1,500 பவுண்டு டெபாசிட் வங்கி வழியாகப் போய்விட்டது. இரண்டு ஆண்டு கழித்துக் காலி செய்யும் நாளில் வீட்டுக்காரர் ஒரு பட்டியல் நீட்டுகிறார்: சுவரில் ஆணித் துளை, அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு, கார்ப்பெட்டில் மஞ்சள் கறை. "முந்நூறு தர்றேன், மிச்சம் பெயின்ட்டுக்கே சரியாப் போகும்" என்கிறார். இப்படி ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கறை யார் போட்டது என்று அவர்கள் வாதாடத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த 1,500 பவுண்டு இந்த இரண்டு ஆண்டும் எங்கே இருந்தது?

சென்னையிலிருந்து போனவருக்கு இந்தக் கேள்வி தோன்றுவது கடினம். அங்கே அட்வான்ஸ் என்றால் வீட்டுக்காரர் கையில் போய்ச் சேரும் பணம். காலி செய்யும்போது அவர் மனசு வைத்துத் திருப்பிக் கொடுத்தால் உண்டு. இங்கிலாந்துச் சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. டெபாசிட் வாடகைதாரரின் பணம். வீட்டுக்காரர் அதை வாங்கலாம். ஆனால் வாங்கியதை அரசு அங்கீகரித்த ஒரு திட்டத்தில் பத்திரப்படுத்தியாக வேண்டும். பத்திரப்படுத்தாமல் விட்டாலே அது தவறு. பணத்தைக் கடைசியில் பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்தாலும் அந்தத் தவறு அழியாது.

சட்டம் கேட்கும் இரண்டு வேலைகள்

2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 212 முதல் 215 வரையிலான பிரிவுகள்தான் இதற்கு அடிப்படை. அவை 2007 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளன. டெபாசிட் வாங்கிய 30 நாளுக்குள் வீட்டுக்காரர் இரண்டு வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். பணத்தை ஒரு திட்டத்தில் சேர்ப்பது முதல் வேலை. அது எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, எந்த முகவரி, எந்தக் காரணங்களுக்காகப் பிடித்தம் செய்யலாம், தகராறு வந்தால் என்ன வழி என்ற விவரங்களை வாடகைதாரருக்கு எழுத்தில் கொடுப்பது இரண்டாவது. முதல் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு இரண்டாவதைக் கோட்டைவிட்டாலும் அபராதம் உண்டு. பல வீட்டுக்காரர்கள் சறுக்குவது இங்கேதான்.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து அங்கீகரிக்கப்பட்ட திட்டங்கள் மூன்று: டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். ஒவ்வொன்றிலும் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒரு முறையில் பணம் முழுவதும் திட்டத்திடமே போய்ச் சேரும். அதற்குக் கட்டணம் இல்லை. மற்றது இன்ஷூரன்ஸ் முறை. அதில் வீட்டுக்காரர் பணத்தைத் தானே வைத்துக்கொண்டு, அதற்கான பாதுகாப்புக் கட்டணத்தைத் திட்டத்துக்குக் கட்டுவார். ஆகவே "டெபாசிட் என்கிட்டதான் இருக்கு" என்று அவர் சொல்வதை மட்டும் வைத்துத் தவறு நடந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பணம் யார் கணக்கில் கிடக்கிறது என்பதைவிட, எந்தத் தேதியில் எந்தத் திட்டத்தில் அது பதிவானது என்பதே முக்கியம்.

தொகைக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2019 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டத்தின்படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கக் கூடாது. 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் ஆறு வாரம். ஈஸ்ட் ஹாம் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,300ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 15,600. அதை 52 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 300. ஐந்து வாரத்துக்கு 1,500. அந்த வீட்டுக்காரர் தொகையைச் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார். வாங்கிய பிறகு என்ன செய்தார் என்பதே கேள்வி.

மூன்று கதவையும் தட்டுவது

மூன்று திட்டங்களின் இணையதளங்களிலும் தேடும் வசதி உண்டு. வீட்டின் போஸ்ட்கோடு, குடும்பப் பெயர், குடியேறிய தேதி, டெபாசிட் தொகை போன்ற விவரங்களைக் கொடுத்தால் பதிவு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மூன்றிலும் தேட வேண்டும். ஒன்றில் இல்லை என்றதும் நின்றுவிடக் கூடாது.

தமிழ்ப் பெயர்கள் இங்கே கொஞ்சம் தொல்லை கொடுக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். ஏஜென்ட் அதை முதல் பெயராக எழுதியிருப்பார். இனிஷியலை மட்டும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு நகர்ந்துவிடுபவர்களும் உண்டு. பதினைந்து எழுத்துப் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் தேடல் வெறுங்கையோடு திரும்பும். அதனால் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் தேடுவதும், கடைசியாக மூன்று திட்டங்களுக்கும் இமெயில் அனுப்பி "இந்த முகவரியில் எந்தப் பதிவும் இல்லை" என்று எழுத்தில் பதில் வாங்கி வைப்பதும் நல்லது. அந்தப் பதில் பிறகு சாட்சியமாகும்.

பதிவு இருந்தால் அதன் தேதியைப் பார்க்க வேண்டும். பணம் கொடுத்தது மார்ச் 1, பதிவானது ஜூன் 10 என்றால் 30 நாள் கெடு கடந்துவிட்டது. தாமதமாகப் பத்திரப்படுத்தியதும் சட்டத்தின் கண்ணில் தவறுதான்.

சட்டம் இறுகிய கதை

ஆரம்பத்தில் இந்தச் சட்டம் பார்க்கக் கடுமையாகவும் பிடிக்கத் தளர்வாகவும் இருந்தது. அப்போது கெடு 14 நாள்; தவறினால் வாடகைதாரருக்குத் தர வேண்டிய அபராதம் கண்டிப்பாக டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு. மூன்று மடங்கு என்பது மிகையாகத் தெரிந்ததாலோ என்னவோ, வீட்டுக்காரர்கள் தப்பிக்க வழியும் பிறந்தது. 2010இல் விஷன் என்டர்பிரைசஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், விசாரணை நாளுக்கு முன் பணத்தைத் திட்டத்தில் சேர்த்துவிட்டால் அபராதம் இல்லை என்று சொன்னது. வழக்கு வந்த பிறகு ஓடிப்போய்ப் பத்திரப்படுத்தினாலும் போதும் என்றாகிவிட்டது. 2011இல் கிளேட்ஹர்ஸ்ட் பிராப்பர்ட்டீஸ் வழக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் முடிந்துபோனால் அதன் பிறகு அபராதம் கேட்டு வழக்கே போட முடியாது என்றது நீதிமன்றம். டெபாசிட் தகராறு பெரும்பாலும் காலி செய்த பிறகுதானே வருகிறது!

இரண்டு ஓட்டைகளையும் 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டம் அடைத்தது. 2012 ஏப்ரல் 6 முதல் கெடு 30 நாளாக நீண்டது. ஆனால் கெடு தாண்டிப் பத்திரப்படுத்தினால் அபராதத்திலிருந்து தப்ப முடியாது. காலி செய்த பிறகும் வழக்குப் போடலாம். மூன்று மடங்கு என்ற கட்டாயம் போய், ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே எவ்வளவு என்பது நீதிபதியின் முடிவானது.

2013இல் சூப்பர்ஸ்ட்ரைக் வழக்கு இன்னொரு குழப்பத்தைக் கிளப்பியது. அந்த வீட்டில் குடியேற்றம் 2007 ஜனவரியில், அதாவது சட்டம் அமலுக்கு வரும் முன். ஓராண்டு ஒப்பந்தம் முடிந்து, மாதாமாதம் நீளும் குடியிருப்பாக 2008இல் மாறியபோது டெபாசிட்டைப் புதிதாக வாங்கியதாகவே கொள்ள வேண்டும், அப்போதாவது பத்திரப்படுத்தியிருக்க வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். நாட்டிலுள்ள வீட்டுக்காரர்கள் பலரும் பழைய காகிதங்களைத் தேடி ஓடினார்கள். 2015 மார்ச் 26இல் நடப்புக்கு வந்த திருத்தம், முதல்முறை ஒழுங்காகச் செய்திருந்தால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மறுபடி செய்ய வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. முதல்முறையே செய்யாதவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் தனித் தவறு என்று வாடகைதாரர் தரப்பு வாதாட இடமிருக்கிறது.

ஒரு மடங்கா, மூன்று மடங்கா?

ஈஸ்ட் ஹாம் குடும்பத்தின் கணக்கு இப்படி வரும். டெபாசிட் 1,500. தவறு நிரூபணமானால் அபராதம் குறைந்தது 1,500, கூடினால் 4,500. இது டெபாசிட்டைத் திரும்பப் பெறுவதற்கு மேல் கிடைப்பது. ஆக, மொத்தம் 3,000 முதல் 6,000 பவுண்டு வரை.

அபராதம் எங்கே நிற்கும் என்பதை வீட்டுக்காரர் எவ்வளவு தூரம் குற்றவாளி என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. 2014இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மேல்முறையீட்டில், வீடு வாடகைக்கு விட்டுப் பழக்கமில்லாமல் ஏஜென்ட்டை நம்பியிருந்தவர்களுக்கு ஒரு மடங்கே போதும் என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டார்கள். பத்து வீடு வைத்து வாடகைத் தொழில் நடத்துபவர், பலமுறை கேட்டும் பதில் சொல்லாதவர், பத்திரப்படுத்தியதாகப் பொய் சொன்னவர் ஆகியோருக்கு அந்தக் கருணையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே பேரம் பேசும்போது ஒரு மடங்கை உறுதியாகவும் மூன்று மடங்கை வாய்ப்பாகவும் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

"வீட்டைப் பாழாக்கிவிட்டார்கள்", "வாடகை பாக்கி" என்று வீட்டுக்காரர் எதிர்வழக்குப் போடலாம். நிரூபித்தால் அந்தத் தொகை கழியும். ஆனால் அபராதம் அதற்கு அப்பாற்பட்ட தனி விஷயம். சுவரில் துளை இருந்தது என்பதற்காக 30 நாள் கெடு தவறியது சரியாகிவிடாது.

யாருக்கு இந்த வழி இல்லை

வீட்டுக்காரர் குடியிருக்கும் அதே வீட்டில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்திருப்பவர் லாட்ஜர். அவருக்கு இந்தப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. படிக்க வந்த மாணவர்களும் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் தெரிந்த தமிழ்க் குடும்பத்தின் மாடி அறையில் தங்குவது சகஜம் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சிறு வழக்காகக் கவுண்டி கோர்ட்டுக்குப் போகலாம். மடங்குக் கணக்கில் அபராதம் கிடைக்காது. பல்கலைக்கழக விடுதிகளும், ஆண்டு வாடகை 1,00,000 பவுண்டைத் தாண்டும் வீடுகளும், நிறுவனத்தின் பெயரில் எடுத்த வீடுகளும் இதற்கு வெளியே.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. வாய்மொழியாகப் பேசிக் குடியேறியிருந்தாலும் சட்டம் பொருந்தும். டெபாசிட்டை யாழ்ப்பாணத்து அப்பாவோ கனடா அக்காவோ அனுப்பியிருந்தால், பணம் கொடுத்த அவருக்கும் திட்ட விவரங்களை வீட்டுக்காரர் தந்திருக்க வேண்டும். வழக்குப் போடும் உரிமை அவருக்கும் உண்டு. மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் வழக்கிலும் மூவரும் சேர வேண்டும். ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டால் அவரிடம் முன்னதாகவே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது.

முதலில் கடிதம்

நேரே நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. பல தகராறுகள் ஒழுங்காக எழுதிய ஒரு கடிதத்திலேயே முடிந்துவிடும். கோபத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி கடிதமாகாது.

நல்ல கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. முதல் பத்தியில் வீட்டு முகவரி, குடியேறிய தேதி, டெபாசிட் கொடுத்த தேதி, தொகை. இரண்டாவதில் மூன்று திட்டங்களிலும் தேடிய தேதியும் கிடைத்த பதிலும். மூன்றாவதில், 2004 சட்டத்தின் 213ஆம் பிரிவுப்படி 30 நாளில் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, 214ஆம் பிரிவுப்படி ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கோர உரிமை உண்டு என்ற இரண்டு வரி. நான்காவதில், 14 நாளுக்குள் இன்ன தொகையைக் கொடுத்தால் விஷயத்தை முடித்துக்கொள்ளத் தயார், இல்லையேல் கவுண்டி கோர்ட்டில் வழக்கு என்ற முடிவு. மிரட்டலும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். வங்கிப் பதிவின் நகலை இணைத்து, தபாலிலும் இமெயிலிலும் ஒரே நாளில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது, வாடகை ஏஜென்ட்டிடம் போகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். வாடகை வாங்குபவரிடம் வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் அவர் சொல்லியாக வேண்டும். 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர் வாடகைதாரர் சட்டத்தின் முதல் பிரிவு அப்படிச் சொல்கிறது. நிலப் பதிவகத்தில் சிறு கட்டணம் கட்டினாலும் வீட்டின் சொந்தக்காரர் பெயர் கிடைக்கும். டெபாசிட் வாங்கிய ஏஜென்ட்டும் இந்தச் சட்டத்துக்குப் பொறுப்பாகலாம் என்பதால் கடிதத்தை இருவருக்கும் அனுப்புவது வழக்கம்.

ஒரு எச்சரிக்கை. "கடைசி மாத வாடகையைக் கட்டாமல் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்தால் வாடகை பாக்கி வைத்தவர் என்ற பெயர் வாடகைதாரருக்கு வரும். கையிலிருந்த வலுவான வழக்கு அதனால் நீர்த்துப்போகும்.

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால்

அடுத்த படி கவுண்டி கோர்ட். அபராதம் கோரும் வழக்குக்கு என்208 என்ற படிவம். சாட்சி வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் படிவத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. வழக்குத்தாள் கிடைத்த 14 நாளுக்குள் வீட்டுக்காரர் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொண்டு பதில் தர வேண்டும். நீதிமன்றக் கட்டணம் கட்டச் சக்தியில்லாத குறைந்த வருமானக்காரர்கள் கட்டண உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இந்த வகை வழக்கு, சிறு வழக்குகளுக்கான எளிய தடத்தில் தானாகவே விழுவதில்லை. சிறு வழக்கில் தோற்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் செலவைப் பெரும்பாலும் கட்ட வேண்டாம். இதில் அந்த உத்தரவாதம் கிடையாது. எனவே படிவத்திலேயே சிறு வழக்குத் தடத்துக்கு மாற்றும்படி கேட்பதும், அதற்கு முன் ஷெல்டர் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் இலவச ஆலோசனை பெறுவதும் அவசியம். "ஜெயித்தால் மட்டும் கட்டணம்" என்று வரும் நிறுவனங்கள், கிடைக்கும் தொகையில் எத்தனை சதவீதம் எடுக்கின்றன என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படித்துவிட வேண்டும்.

வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. குடியிருக்கும்போதே போடலாம்; காலி செய்து வேறு ஊருக்குப் போன பிறகும் போடலாம்.

"காலி பண்ணு" என்றால்

குடியிருந்துகொண்டே டெபாசிட்டைக் கேட்கப் பலர் தயங்குவது நோட்டீஸுக்குப் பயந்துதான். காரணமே சொல்லாமல் வெளியேற்ற உதவிய 21ஆம் பிரிவு நோட்டீஸ் நீண்டகாலம் வீட்டுக்காரர் கையிலிருந்த சாட்டை. அப்போதும், கெடுவுக்குள் டெபாசிட்டைப் பத்திரப்படுத்தாதவர் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அந்த நோட்டீஸைச் செல்லும்படி கொடுக்க முடியாதிருந்தது. 2025 அக்டோபர் 27இல் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைகள் சட்டம், 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் தனியார் வாடகை வீடுகளில் அந்தப் பிரிவையே நீக்குகிறது. இனி வீட்டுக்காரர் காரணம் காட்டித்தான் நீதிமன்றம் போக வேண்டும். டெபாசிட் பத்திரமாக இல்லாதவரை, சமூக விரோத நடத்தை போன்ற சில காரணங்கள் தவிர, வெளியேற்றும் உத்தரவு கிடைக்காது.

வேல்ஸில் 2022 டிசம்பர் 1 முதல் தனி வாடகைச் சட்டம் இருக்கிறது. 30 நாளும் ஒன்று முதல் மூன்று மடங்கும் அங்கேயும் உண்டு. ஸ்காட்லாந்தின் கணக்கு வேறு. அங்கே 30 வேலை நாள் கெடு, அபராதம் மூன்று மடங்கு வரை, வழக்கு தீர்ப்பாயத்தில். காலி செய்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் படிக்கும் மாணவர்கள் ஆறு ஆண்டு இருக்கிறதே என்று லண்டன் நண்பர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

தீர்ப்பு வந்த பிறகு

நீதிமன்றம் உத்தரவிட்டால் அபராதத்தை 14 நாளுக்குள் வீட்டுக்காரர் கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்தடிப்பவர்களும் உண்டு. தீர்ப்பை நிறைவேற்ற வாடகைதாரர் மறுபடி அதே நீதிமன்றத்திடம் போகலாம்: அமீனாவை அனுப்பலாம், வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கைப் பிடிக்கக் கேட்கலாம். ஈஸ்ட் ஹாம் குடும்பத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அவர்கள் குடியிருந்த வீடு வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது. தீர்ப்புத் தொகையை அந்த வீட்டின் மீதே கடனாகப் பதிவு செய்ய நீதிமன்றத்தைக் கேட்கலாம். பதிவாகிவிட்டால், அவர் வீட்டை விற்கவோ மறு அடமானம் வைக்கவோ முயலும் நாளில் வாங்குபவரின் வக்கீல் எடுக்கும் நிலப் பதிவக நகலில் அந்தக் கடன் கண்ணில் படும்.